உழைப்பு தங்கையுடையது, பதிவு அண்ணன் பெயரில்: தொழில் யாருக்குச் சொந்தம்?

சட்ட ஆலோசனை: வாசகர் கடிதத்துக்குப் பதில்

திருகோணமலை உப்புவெளியை அண்டிய கரையோரக் கிராமமொன்றிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் வெளிப்படாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் 2014இல் கட்டாருக்குப் போனார். அடுத்த வருடம், தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த காணியில் ஒரு வாடி போட்டு, நெத்தலியும் சூடையும் காயவைத்து விற்கத் தொடங்கினார் இவர். முதலீடு, தன்னுடைய ஆறு பவுண் நகையை அடகு வைத்துப் பெற்ற பணம். பிறகு மீன் அச்சாறும் இறால் சம்பலும் சேர்ந்தன. மகளின் பெயர் அச்சிட்ட போத்தல்கள் இன்று கொழும்பில் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் போகின்றன. நான்கு பெண்கள் இவரிடம் வேலை செய்கிறார்கள்.

2016இல் வியாபாரப் பெயரைப் பதியும்போது, ஆண் ஒருவரின் பெயரில் இருந்தால் அலைச்சல் குறையும் என்று வீட்டார் சொன்னதால் அண்ணனின் பெயரில் பதிந்தார்கள். வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான். 2019இல் லீசிங்கில் எடுத்த பட்டா லொறியும் அவர் பெயரில். தவணைகளைக் கட்டி முடித்தது தங்கை. அண்ணன் தொடக்கத்தில் இரண்டு வருடம் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோயிருக்கிறார். 2017இல் ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைத் தங்கையிடமே விட்டுவைத்திருக்கிறார். இப்போது அவருடைய மகன் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். இனித் தொழிலை மகன் பார்க்கட்டும் என்று சொல்லி, தங்கையை மாதச் சம்பளத்துக்கு மேற்பார்வையாளராக நியமிக்கும் கடிதம் ஒன்றை அண்ணன் கொடுத்திருக்கிறார். மாத முடிவுக்குள் கையொப்பம் வேண்டுமாம்.

சகோதரியின் கேள்விகள் இவை: பதிவு அவர் பெயரில் இருப்பதால் எல்லாம் அவருக்கே சொந்தமா? வெற்றுக் காசோலைகளில் தொகை எழுதிப் பணம் முழுவதையும் எடுத்துவிடலாமா? பொலிஸில் மோசடி முறைப்பாடு செய்யலாமா? காணியை ஈடு வைத்துத் தனியாகத் தொடங்கினால் கணவரின் கையெழுத்து வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. அந்த நியமனக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். அண்ணனோடு உறவு கெட்டுவிடுமே என்றோ, இப்போதைக்குப் போட்டுவிட்டுப் பிறகு பேசலாம் என்றோ நினைத்துப் போட்டுவிடாதீர்கள். ‘மேற்பார்வையாளர்’ என்று நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, இந்தத் தொழிலில் நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்பதற்கு நீங்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் அண்ணனிடம் இருக்கும். நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டப்படும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். அதன்பின் நகை அடகு வைத்த கதையையும் விடியற்காலையில் கரைவலை மடி இழுக்கும் இடத்தில் நின்று மீன் வாங்கிய கதையையும் நீங்கள் எவ்வளவு சொன்னாலும், ‘அப்படியானால் ஏன் இதில் கையொப்பமிட்டீர்கள்?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிய பிறகு பதில் தருகிறேன் என்று அண்ணனுக்கு மரியாதையாக ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொல்வதைவிட அது நல்லது.

பதிவுச் சான்றிதழ் எதைக் காட்டுகிறது?

உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் ‘சட்டப்படி எல்லாம் அண்ணனுடையதுதானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நினைப்புத்தான் உங்களை மிகவும் பலவீனப்படுத்தியிருக்கிறது. அது முழுவதும் சரியல்ல. பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு காணி உறுதியைப் போன்றதல்ல. ஒருவர் தன் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வியாபாரம் செய்யும்போது, அதன் பின்னால் இருப்பவர் யார் என்று மற்றவர்கள் அறிந்துகொள்வதற்காக ஏற்பட்ட பதிவு அது. சான்றிதழில் பெயர் இருப்பவரே உரிமையாளர் என்று முதற்பார்வையில் எல்லோரும் கொள்வார்கள். வங்கியும் அப்படியே கொள்ளும். ஆனால் முதலீடு யாருடையது, இலாபநட்டம் யாரைச் சேர்ந்தது, தீர்மானங்களை எடுத்தவர் யார் என்பவற்றைச் சான்றுகளால் காட்டி அந்த எடுகோளை மறுக்க முடியும்.

முடியும் என்றால் எளிது என்று பொருளல்ல. ஒன்பது பத்து வருடம் நீங்களே ஏற்றுக்கொண்டு நடந்த ஒரு பதிவை மறுக்கிறீர்கள். சுமை உங்கள் தோளில்தான் இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு: உரிமையாளர் அல்லாதவரை உரிமையாளர் என்று காட்டிப் பதிந்ததில் உங்களுக்கும் பங்கிருந்தது என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார். பொய்யான விவரம் கொடுத்துப் பதிவது குற்றம் என்பதையும் நினைவூட்டுவார். ஆகவே வழக்கு என்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொண்டு, பேச்சுவார்த்தையில் உங்கள் பலம் என்ன என்று பார்ப்போம்.

பலம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. வாடி நிற்பது உங்கள் காணியில். மின்பட்டியல் உங்கள் பெயரில். மீன் தரும் சம்மாட்டிமார் உங்களை நம்பித்தான் கடனுக்குத் தருகிறார்கள். அச்சாற்றின் கைப்பக்குவம் உங்களுடையது. வேலை செய்யும் பெண்களும் உங்களோடு நிற்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணனின் மகனுக்குக் கிடைக்கப்போவது ஒரு சான்றிதழும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டுமே. இதை நீங்கள் உணர்ந்துவிட்டால், அண்ணனுக்கு முன் உட்காரும்போது உங்கள் குரல் வேறாக இருக்கும்.

போத்தலில் உள்ள பெயரைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நான் முதலில் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். வியாபாரப் பெயரைப் பதிவதும் வணிகக் குறியைப் பதிவதும் வேறு வேறு. உங்கள் மகளின் பெயருள்ள அந்த லேபலைப் பார்த்துத்தான் வெள்ளவத்தைக் கடைக்காரர் பணம் கொடுக்கிறார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அதை வணிகக் குறியாகப் பதியலாம். பதிவு பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அண்ணனோ மருமகனோ உங்களுக்கு முன் விண்ணப்பித்துவிட்டால், அதை எதிர்த்து நிற்கும் வேலை உங்களுடையதாகிவிடும். இந்த விண்ணப்பத்தை ஒத்திப்போடாதீர்கள்.

லொறியின் கதை வேறு

லொறியைப் பொறுத்தவரை சட்டம் உங்களுக்கு இன்னும் சாதகமாக இருக்கிறது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஒருவர் பணம் கொடுக்க, ஆதனம் இன்னொருவரின் பெயருக்கு மாற்றப்பட்டால், பணம் கொடுத்தவர் மற்றவருக்கு நன்மை செய்யும் எண்ணத்தோடு கொடுக்கவில்லை என்று தெரியும்போது, பெயர் வைத்திருப்பவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார். லீசிங் தவணைகளை மாதாமாதம் நீங்களே போய்க் கட்டினீர்கள், பற்றுச்சீட்டுகளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பற்றுச்சீட்டுகள் பொன்னானவை. மை மங்குவதற்குள் எல்லாவற்றையும் படியெடுத்து வையுங்கள்.

அண்ணன் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடும். தவணைப் பணம் தன் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வந்தது என்பார். அல்லது நாங்கள் இருவரும் பங்காளிகள் என்பார். முதலாவதற்கு மறுமொழி, அந்தக் கணக்குக்குள் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் உங்கள் விற்பனைக் கணக்கு. இரண்டாவதற்குச் சட்டத்திலேயே ஒரு தடை உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமையை நிலைநாட்ட, கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அந்தத் தொகை ஒரு காலத்தில் பெரிய முதலாக இருந்தது. இன்று நடைபாதைக் கடைக்குக்கூட அது பொருந்திவிடும். எழுத்து இல்லாததால் அண்ணன் தன்னைப் பங்காளி என்று நிறுவுவது கடினம். நீங்களும் அப்படியே. அதனால் உங்கள் தரப்பைப் ‘பங்கு’ என்ற சொல்லில் தொடங்காதீர்கள். நாங்கள் சேர்ந்து செய்தோம் என்று நல்லெண்ணத்தில் எழுதும் ஒரு வட்ஸ்அப் செய்தி பின்னால் உங்களுக்கே சிக்கலாகலாம்.

அண்ணனின் பயத்தையும் கணக்கில் எடுங்கள்

உங்கள் கடிதம் கோபத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருடைய நிலையையும் சட்டக்கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். தனியுரிமை வியாபாரத்தில் உரிமையாளருக்கும் தொழிலுக்கும் இடையே சுவர் கிடையாது. தொழில் பட்ட கடனுக்கு அவருடைய வீடுவரை பொறுப்பு. அவர் கையெழுத்திட்ட காசோலை கணக்கில் பணமில்லாமல் திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள் அல்ல, அவர். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது, ஒரு காசோலை திரும்பியதாகவும் அண்ணன் அன்று பயந்துபோனதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் அவரை விட்டுப் போயிருக்காது. ‘பெயர் என்னுடையது, பொறுப்பு என்னுடையது, பிள்ளைக்காவது இது பயன்படட்டும்’ என்ற கணக்கு அவர் மனதில் ஓடலாம். பெயரைக் கடன் கொடுத்தவருக்கும் அதில் ஆபத்து இருந்தது என்பதை நீங்கள் வாய்விட்டு ஒப்புக்கொண்டால், பேச்சு வேறு திசையில் போகும் என்று நம்புகிறேன்.

2017இல் அவர் தந்த ஒன்றரை இலட்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கடன் என்றால், எழுத்தில்லாத உடன்பாட்டின் மீது மூன்று வருடத்துக்குள் வழக்கிட வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எழுத்தில் இருந்தால் ஆறு வருடம். ஆகவே சட்டப்படி அந்தக் கடன் காலாவதியாகிவிட்டது என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்கலாம். அதைக் கேட்காதீர்கள். அந்தப் பணத்தையும், இரண்டு வருடம் இரவு இரவாகக் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோனதற்கு ஒரு நியாயமான தொகையையும் நீங்களாகவே முன்வைக்க வேண்டும். அது நியாயம் என்பதோடு, இணக்கத்துக்கான கதவையும் அதுதான் திறக்கும். அதே காலவிதிப்பு உங்களுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் உரிமையை அண்ணன் மறுத்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த நியமனக் கடிதத்தின் திகதியைக் குறித்து வையுங்கள்.

காசோலையும் பொலிஸும்

வெற்றுக் காசோலைகளில் தொகை எழுதிப் பணத்தை எடுக்கும் எண்ணத்தை இந்த நிமிடமே விட்டுவிடுங்கள். வழக்கமான கொள்வனவுக்காக எழுதிக்கொள்ளும்படிதான் அண்ணன் அவற்றைத் தந்தார். இப்போது உங்களுக்கிடையே தகராறு எழுந்திருக்கிறது. இந்த நிலையில் கணக்கைக் காலிசெய்யும் தொகையை எழுதினால், நீங்கள் போலி ஆவணம் செய்ததாக அவர் முறைப்பாடு செய்யலாம். அதற்குப் பின் நியாயம் உங்கள் பக்கம் இருந்தது என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். மீதமுள்ள காசோலைகளின் இலக்கங்களைக் குறித்துக்கொண்டு, படமெடுத்து, ஒரு கடிதத்தோடு அண்ணனிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். புதிய விற்பனைப் பணம் இனி எந்தக் கணக்குக்கு வரவேண்டும் என்பதை உங்கள் கொள்வனவாளர்களோடு பேசலாம். ஆனால் பழைய பட்டியல்களுக்குரிய பணத்தைத் திசைதிருப்ப வேண்டாம்.

பொலிஸ் முறைப்பாட்டையும் நான் ஆதரிக்கமாட்டேன். நம்பிக்கை மோசடி, ஏமாற்று என்பவற்றை நிறுவ, தொடக்கத்திலோ இடையிலோ நேர்மையற்ற எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பத்து வருடம் உங்களை உங்கள் பாட்டில் தொழில் செய்ய விட்டவர் அவர். பொலிஸார் பெரும்பாலும் இதைக் குடியியல் தகராறு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அண்ணனோ ஊர் முன்னிலையில் அவமானப்பட்டவராகத் திரும்பி வருவார். அதன்பின் எந்த இணக்கமும் நடக்காது. மிரட்டல், அடிதடி, வாடியின் பூட்டை உடைத்தல் போன்றவை நடந்தால் அப்போது தயங்காமல் போங்கள். அது வேறு விடயம்.

சேர்த்து வைக்க வேண்டியவை

• நகை அடகுச் சீட்டுகள், மீட்ட பற்றுச்சீட்டுகள். முதலீடு எங்கிருந்து வந்தது என்பதற்கு இவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை. நீங்கள் பழைய சீட்டுகளை எறிந்திருந்தால், அடகு பிடித்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

• பத்து வருடக் கணக்குக் கொப்பிகள். உங்கள் கையெழுத்தில் ஒழுங்காக எழுதிவந்த கணக்குகளை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் கொப்பியை மட்டும் வைத்து ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்பதைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. பற்றுச்சீட்டுகள், சம்மாட்டிமாரின் துண்டுகள், கொள்வனவாளர்களின் பட்டியல்கள் எல்லாம் அதற்குத் துணையாக வேண்டும். விடுபட்ட பக்கங்களை இப்போது எழுதிச் சேர்க்க வேண்டாம்.

• அண்ணனின் குரல் செய்திகளும் வட்ஸ்அப் செய்திகளும். ‘உன் காசு கணக்குக்கு வந்துவிட்டது’ என்று அவர் அனுப்பிய ஒரு வரி பத்துச் சாட்சிக்குச் சமம். தொலைபேசியை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள்.

அண்ணன் வீட்டிலுள்ள ஆவணக் கோப்பை மச்சாளுக்குத் தெரியாமல் எடுத்துவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேவைப்பட்டால் நீதிமன்றத்தின் ஊடாக அழைப்பிக்கலாம்.

கணவரின் கையெழுத்து எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

அலுவலகத்தில் ஒருவர், மணமான பெண் கணவரின் சம்மதமில்லாமல் வியாபாரம் பதிய முடியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. உங்கள் பெயரில் வியாபாரத்தைப் பதியவோ, கணக்குத் திறக்கவோ, வணிகக் குறிக்கு விண்ணப்பிக்கவோ, நகையை விற்கவோ கணவரின் கையெழுத்து வேண்டியதில்லை. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மணமான பெண்ணின் ஆதனம் அவருடைய தனி ஆதனம் என்பதை 1923ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிலைநாட்டிவிட்டது. நூறு வருடம் கடந்தும் கருமபீடங்களில் இந்தக் கேள்வி பெண்களிடம் கேட்கப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அடுத்த முறை அப்படிச் சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

காணி விடயத்தில் மட்டும் உங்கள் நிலை சற்று வித்தியாசமானது; கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் காரணம். உங்கள் கணவர் பருத்தித்துறைக்காரர். தேசவழமை என்பது வட மாகாணத்தை நிலையான வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குரிய சட்டம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்படாத பெண் அதற்கு உட்பட்ட ஆணை மணந்தால், திருமணம் நிலைத்திருக்கும்வரை அவரும் அதற்கு உட்படுவார். நீங்கள் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர் என்பது இங்கே உதவாது. அந்தச் சட்டத்தின் கீழ் சீதனக் காணி உங்களுடைய தனி ஆதனமே. கணவருக்கு அதில் சொந்தமில்லை. ஆனாலும் நீங்கள் உயிரோடிருக்கும்போது அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் தேவை. திருமண நேரத்தில் அவர் வட மாகாணத்தில் நிலையாக வதிந்தவரா, அல்லது சிறுவயதிலேயே குடும்பத்தோடு வேறிடத்தில் குடியேறியவரா என்பதைப் பொறுத்து இது மாறலாம். உங்கள் நொத்தாரிசிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் எழுதிய ஈட்டு உறுதி பின்னால் வங்கிக்கும் உங்களுக்கும் தலைவலியாகும்.

கணவர் உங்கள் பக்கம் இருக்கிறார் என்பதால் இது பெரிய தடையல்ல. கட்டாரிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்டு அனுப்பலாம். இதை வாசிக்கும் வேறு சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ, நியாயமில்லாமல் சம்மதத்தை மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதமின்றியே நடக்க அனுமதி பெறும் வழி அதே சட்டத்தில் உண்டு.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காகக் காணியை ஈடு வைக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். வாடியும் வீடும் ஒரே காணியில் இருக்கின்றன. உங்கள் பேரத்தின் அடித்தளமும் அதுதான். இரண்டு மழைக்காலம் சரக்குக் காயாமல் போனால் எல்லாமே ஒன்றாகப் போகும். தொழிலை மீண்டும் நிமிர்த்த முதல் தேவை பெரிய கடன் அல்ல, உங்கள் பெயரில் ஒரு வரலாறு. இத்தனை வருடம் நீங்கள் தவறாமல் கட்டிய லீசிங் தவணைகள், கடன் தகவல் பணியகத்தில் அண்ணனின் நல்ல பெயராகப் பதிவாகியிருக்கின்றன. உங்கள் பெயரில் இருப்பது குழுக்கடன் மட்டும். உங்கள் கடன் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். வங்கிக்குப் போவதற்கு முன் அதைப் பாருங்கள். சிறிய தொகையில் உங்கள் பெயரில் தொடங்கி, ஒழுங்காகக் கட்டி, பிறகு பெரிதாகக் கேளுங்கள். மீன் வாங்கக் கரைக்குப் போனபோது ‘முதலாளி வரவில்லையா?’ என்று கேட்டவர்கள் இன்று உங்களையே முதலாளி என்று அழைக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு அதற்குச் சில வருடங்கள் பிடித்தன. வங்கிக்கும் பிடிக்கும், ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் மட்டுமே.

என்ன செய்யலாம்

சிறந்த வழி, அண்ணனோடு எழுத்தில் ஓர் இணக்கம். அவர் தன் பெயரிலுள்ள வியாபாரப் பதிவு முடிவுற்றதாக அறிவித்தல் கொடுப்பார், அதே பெயரில் நீங்கள் புதிதாக விண்ணப்பிப்பீர்கள். லொறியை உங்கள் பெயருக்கு மாற்றுவார். நீங்கள் ஒன்றரை இலட்சத்தையும் உழைப்புக்கான தொகையையும் தவணையிலாவது கொடுப்பீர்கள். தொழிலின் இதுவரையான கடன்கள் யாவற்றையும் பொறுப்பேற்று, அவருக்கு எதிராக யாராவது வந்தால் நீங்களே ஈடுசெய்வதாக எழுதிக்கொடுப்பீர்கள். அவருக்கு நிம்மதி தரப்போவது இந்தக் கடைசி வாக்கியம்தான். மருமகனுக்கு விருப்பமிருந்தால் கொழும்பு விநியோகத்தைச் சம்பளத்துக்கோ தரகுக்கோ அவரிடம் கொடுக்கலாம். அந்த இளைஞருக்கும் ஒரு தொழில் வேண்டும், உங்களுக்கும் ஓடியாட ஒருவர் வேண்டும். ஆனால் அது உங்கள் தீர்மானமாக இருக்க வேண்டும். ஒரே சட்டத்தரணி இருவருக்கும் எழுதாமல், அண்ணனும் தனக்கொருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடட்டும். பிறகு ஏமாற்றி வாங்கினார்கள் என்ற பேச்சு எழாது.

வீட்டில் பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபைக்கு, குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட தகராறுகள் வழக்குக்கு முன்பே கட்டாயம் போக வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றை இருதரப்பும் விரும்பினால் கொண்டுபோகலாம். அங்கே தீர்ப்பு இல்லை, இணக்கம் மட்டுமே. ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்காரும்போது அண்ணன் உங்கள் உழைப்பை முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் ‘பெண்பிள்ளை, விட்டுக்கொடுத்துப் போ’ என்று உங்களிடம் மட்டும் கேட்கும் பெரியவர்களும் இருப்பார்கள். உங்களுக்குப் பிடிக்காத இணக்கத்தில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டும் பலிக்காவிட்டால், புதிய பெயரில் உங்கள் சொந்தப் பதிவோடு மீண்டும் தொடங்குங்கள். அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்துக்குப் போகலாம். நீங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாததால், அதே தொழிலைச் செய்ய உங்களைத் தடுக்கும் நிபந்தனை எதுவும் இல்லை. நியமனக் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வியாபாரப் பெயருக்கும் லொறிக்குமான வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நடத்தலாம். வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கம்பனியாகப் பதிவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் ஒரே பங்குதாரரோடும் கம்பனி அமைக்கலாம், கடனுக்கான பொறுப்பும் மட்டுப்படும். ஆயினும் செயலாளர், வருடாந்த அறிக்கை என்று செலவுகள் வரும். வங்கி எப்படியும் உங்கள் தனிப்பட்ட பிணையைக் கேட்கும். தகராறு தீர்ந்து, இரண்டு மூன்று வருடக் கணக்கு உங்கள் பெயரில் சேர்ந்தபின் யோசிக்கலாம்.

கடைசியாக அந்த நான்கு பெண்கள். அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாட்கூலிதானே, நான்கு பேர்தானே என்ற எண்ணம் பிழை. ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும்: அவர்களுடைய சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்காக 12 வீதம், அதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம். இன்றைய பதிவின்படி அந்த நிலுவை அண்ணனின் தலையில் இருக்கிறது; இணக்கத்தில் அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் பெயரில் புதிய பதிவு கிடைத்த மாதத்திலேயே தொழில் திணைக்களத்தில் தொழில்தருநராகப் பதிந்துவிடுங்கள். இத்தனை வருடம் உங்கள் உழைப்பு இன்னொருவரின் பெயரில் கணக்கில்லாமல் போனதைப் பற்றித்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய உழைப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும். நிலுவை எவ்வளவு என்பதைக் கொப்பியைப் பார்த்து எழுதி, சட்டத்தரணியிடம் முதன்முறை போகும்போதே அடகுச் சீட்டுகளோடு அதையும் கொண்டுபோங்கள்.